புது டயர் முன்னாலா, பின்னாலா?

2022 ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை. வால்பாறையில் பள்ளி முடிந்து, சக ஆசிரியை ஒருவரை ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சிக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். தென்மேற்குப் பருவமழை அந்த மலையில் எப்படிப் பெய்யும் என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். சாரலா மழையா என்று பிரிக்க முடியாமல் நாள் முழுக்க ஊற்றிக்கொண்டே இருக்கும். அட்டகட்டி தாண்டியாயிற்று. கொண்டை ஊசி வளைவுகூட இல்லை, இரண்டு கொண்டை ஊசிகளுக்கு நடுவே வரும் சாதாரண இடது வளைவு. வேகம் 40ஐ ஒட்டி இருந்திருக்கும். வளைவுக்குள் நுழைந்த பிறகுதான் சாலையின் குறுக்கே தண்ணீர் ஓடுவதைப் பார்த்தேன். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பிரேக்கைத் தொட்டேன்.

தொட்டதுதான் தாமதம், வண்டியின் பின்பக்கம் வலப்புறமாக விலகிப் போனது. முன் சக்கரங்கள் நான் திருப்பிய பக்கம்தான் போயின. ஆனால் டிக்கி எங்களைச் சுற்றிக்கொண்டு முன்னால் வரப் பார்த்தது. பயத்தில் பிரேக்கை இன்னும் அழுத்தினேன். வண்டி மலைப்பக்கம் முகம் திரும்பி, இடது முன் சக்கரம் ஓரத்து வடிகாலில் இறங்கி, சாலையை அடைத்துக் குறுக்கே நின்றது. கீழிருந்து ஏறி வந்த பேருந்து சில அடி தள்ளி நின்றிருந்தது. ஓட்டுநரும் நடத்துநரும் ஓடி வந்தார்கள். எங்கள் இருவருக்கும் அடியில்லை என்று பார்த்த பிறகுதான் வண்டியைத் தூக்கித் தள்ளிவிட்டார்கள். பம்பரின் ஓரம் உடைந்ததோடு போயிற்று. அந்த வளைவில் இடப்பக்கம் மலை இருந்தது. எல்லா வளைவிலும் இடப்பக்கம் மலை இருப்பதில்லை. அன்று இரவு அதை நினைத்துத்தான் தூக்கம் வரவில்லை.

என் வண்டி 2016 ஸ்விஃப்ட், பெட்ரோல். எஞ்சின் முன் சக்கரங்களைச் சுழற்ற, அவை வண்டியை இழுக்கிற வகை. ஊரில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். திங்கள் காலை மலையேறி, வாரம் முழுக்க வால்பாறையில் தங்கி, வெள்ளி மாலை இறங்குவேன். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள், வாரத்துக்கு இரண்டு தடவை. 2019 நவம்பரில் 29,000 கிலோமீட்டர் ஓடியிருந்தபோது முன் டயர்கள் இரண்டும் வழவழவென்று ஆகிவிட்டன. வேறு ஊரில் ஒரு கடையில் இரண்டு புது டயர் வாங்கினேன். தேய்ந்தது முன்னால், எனவே புதியதும் முன்னால் என்று மாட்டிக் கொடுத்தார்கள். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. இழுப்பது முன் சக்கரம், திரும்புவது முன் சக்கரம், பிரேக் பிடித்தால் பாரம் எல்லாம் போய் விழுவதும் முன் சக்கரம். நல்ல டயர் அங்கேதானே இருக்க வேண்டும்? பின் டயர்கள் வண்டியோடு வந்தவை. பார்க்க நன்றாக இருந்தன. அப்படியே விட்டோம்.

விபத்து நடந்த மறுநாள் பொள்ளாச்சியில் தெரிந்தவர் சொன்ன டயர்க்கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணன் முப்பது வருஷமாக இதே தொழிலில் இருப்பவர். நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி இது.

"டீச்சர், மூக்கு வழுக்குச்சுங்களா, வால் வழுக்குச்சுங்களா?"

"வால்தாண்ணா."

"அப்ப முன்னாடி நின்னு பாத்து ஒண்ணும் ஆகாதுங்க. பின்னாடி வாங்க."

ஜாக்கி வைத்துப் பின் சக்கரத்தைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்தார். டயரின் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள், எவ்வளவு ஆழம் என்று அளக்கும் சின்னக் கருவியை அவற்றின் இடையே உள்ள காடியில் இறக்கினார். நடுவில் 4 மில்லிமீட்டர். இரண்டு ஓரத்திலும் 2. நின்றபடி பார்த்தால் கண்ணில் படுவது பாதி வட்டம்தான், அதிலும் உள் ஓரம் தெரியவே தெரியாது. ஓரங்கள் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று குறைவாக ஓடியது என்று அர்த்தம். உண்மைதான். பங்க்கில் காற்றடிக்கும்போது முன் டயரைப் பார்க்கும் கவனத்தைப் பின் டயருக்கு நான் கொடுத்ததில்லை. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு பக்க ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் கோளாறு. அங்கங்கே மேடும் பள்ளமுமாகத் தேய்ந்தால் ஷாக் அப்சார்பரையோ பேலன்ஸிங்கையோ பார்க்க வேண்டும். இவ்வளவையும் அந்த ஒரு டயரைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

பிறகு டயரின் பக்கச்சுவரான சைடுவாலில் நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கத்தைக் காட்டினார்: 1216. அதாவது 2016ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில் செய்த டயர். ஆறு வருஷம் தாண்டியிருந்தது. காடிகளின் அடியில் மெல்லிய விரிசல்கள். "நகத்த வெச்சு அழுத்திப் பாருங்க" என்றார். முன் டயரில் நகம் கொஞ்சம் பதிந்தது. பின் டயரில் பதியவே இல்லை. வெயிலும் வருஷமும் சேர்ந்து ரப்பரை இறுக்கிவிட்டன. சைடுவாலில் டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ ஒரு சின்ன முக்கோணமோ இருக்கும். அதற்கு நேரே காடிக்குள் ஒரு சிறிய மேடு உண்டு. பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் 1.6 மில்லிமீட்டர், காருக்குச் சட்டம் அனுமதிக்கும் கடைசி அளவு. என் பின் டயர்கள் அந்த அளவைத் தொடவில்லை. சட்டப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் மழையில் தரையைப் பிடிக்கும் சக்தி அவற்றில் இல்லை.

அன்று முடிவெடுப்பது சுலபம். பின்னால் இருந்த இரண்டும் கெட்டவை, அவற்றை எடுத்துவிட்டுப் புதியது இரண்டு போட்டோம். முன்னால் 2019இல் வாங்கியவற்றில் ஐந்தரை மில்லிமீட்டர் இருந்தது, அவை அங்கேயே இருந்தன.

உண்மையான குழப்பம் 2024 ஜூனில் வந்தது. பள்ளி திறப்பதற்கு முன், மழைக்கு முன், நானே அளந்தேன். (அந்தக் கருவியை நானும் ஒன்று வாங்கிவிட்டேன். இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை.) முன்னால் இரண்டும் 2 சொச்சம். பின்னால், 2022இல் போட்டவை, ஆறரை. புது டயர் ஏறக்குறைய எட்டு மில்லிமீட்டரில் தொடங்கும். இரண்டே வருஷத்தில் முன் டயர்கள் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தேய்ந்திருக்க, பின்னவை ஒன்றரைதான் தேய்ந்திருந்தன. முன் இழுவை வண்டியில் மலையேறினால் கணக்கு இப்படித்தான் போகும்.

கடைக்குப் போய், "முன்னாடி ரெண்டு போட்டுடுங்கண்ணா" என்றேன்.

"ரெண்டு வாங்கோணும், சரிங்க. தேஞ்சது முன்னாடி, அதுவும் சரிங்க. ஆனா புதுசு போற எடம் பின்னாடிங்க டீச்சர். பின்னாடி இருக்கறத முன்னாடி கொண்டாந்துரலாம்."

அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இருந்தும் எனக்கு ஒப்பவில்லை. காரணம் கேட்டேன். அவர் விளக்கியதையும் பிறகு நானே படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து என் மொழியில் சொல்கிறேன்.

மழையில் டயரின் காடிகள் செய்யும் வேலை தண்ணீரை வெளியே தள்ளுவது. ஆழம் குறைந்தால் தள்ள முடியாமல் டயர் தண்ணீரின் மேல் ஏறி மிதக்கும். முன் டயர்கள் பிடியை இழந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி நேரே போகப் பார்க்கும். பயமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் எல்லோரும் இயல்பாகச் செய்வதே சரியான வைத்தியம்: ஆக்ஸிலரேட்டரிலிருந்து கால் தானாக வந்துவிடும், வேகம் குறையும், பாரம் முன்னால் வரும், டயர் மறுபடி பிடித்துக்கொள்ளும். பின் டயர் பிடியை இழந்தால் நிலைமை தலைகீழ். காலை எடுத்தாலும் பிரேக் பிடித்தாலும் பாரம் முன்னால் போகும், ஏற்கெனவே வழுக்கும் பின்பக்கம் இன்னும் லேசாகும், வண்டி சுழலும். பயத்தில் நாம் செய்யும் காரியமே அதை மோசமாக்குகிறது. பின்பக்கம் எந்தப் பக்கம் விலகுகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்பி, பிரேக்கைத் தொடாமல், அரை நொடிக்குள் சமாளிக்க வேண்டும். பழகிய பந்தய ஓட்டுநருக்கு அது முடியும். அட்டகட்டிக்குக் கீழே எனக்கு முடியவில்லை. சிறிய எஞ்சின் வண்டிகளில் கனம் எல்லாம் முன்னால் இருப்பதால், ஆள் ஏறாத பின்பக்கம் முதலிலேயே லேசு. மலை இறக்கம் அதை இன்னும் லேசாக்குகிறது.

இப்போது வரும் வண்டிகள் பலவற்றில் இ.எஸ்.பி. என்ற சாதனம் இருக்கிறது. வண்டி சுழலத் தொடங்கினால் தேவையான சக்கரத்துக்கு மட்டும் தானே பிரேக் கொடுத்து நேராக்கப் பார்க்கும். 2024 ஸ்விஃப்டில் அது எல்லா வேரியன்ட்டிலும் உண்டு. என் 2016 வண்டியில் கிடையாது. இருந்தாலும் அதற்கும் தரையைப் பிடிக்கும் டயர் வேண்டும்.

இன்னொரு கேள்வியும் கேட்டேன். மலையேறும்போது? பாரம் பின்னால் சாய, முன் சக்கரம் ஈரமான கொண்டை ஊசியில் சர்ரென்று சுற்றும். அது எனக்குப் பல தடவை நடந்திருக்கிறது. புதிய டயர் முன்னால் இருந்தால் அந்தத் தொல்லை குறையும் என்பது உண்மைதான். அவர் மறுக்கவில்லை. "ஏறும்போது சுத்துச்சுன்னா வண்டி அங்கியே நிக்குமுங்க. எறங்கும்போது வால் வந்துச்சுன்னா எங்க நிக்கும்னு யாருக்குத் தெரியும்?" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

ஆனால் இதை "மொட்டை டயர் முன்னால் இருக்கலாம்" என்று புரிந்துகொள்ளக் கூடாது. பின்னாலிருந்து முன்னால் வரும் டயரும் நல்ல நிலையில் இருக்க வேண்டும். நான் வைத்திருக்கும் கோடு 3 மில்லிமீட்டர். மழை மலையில் ஓட்டும் எனக்கு 1.6 என்பது எட்டக்கூடாத எல்லை. முன்னால் 2, பின்னால் 3 என்று இருந்தால் இரண்டு வாங்கிப் பயனில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நான்கையும் மாற்றிவிடுவதுதான் சரி. 2024இல் முன்னால் வந்தவை ஆறரை மில்லிமீட்டர், இரண்டே வருஷம் பழையவை என்பதால் அந்தத் திட்டம் பொருந்தியது. டயர் ஒன்று ஐயாயிரத்தை ஒட்டி ஆனது. மாற்றிய கையோடு அலைன்மென்ட் பார்த்து, நான்கு சக்கரத்துக்கும் பேலன்ஸிங் செய்தார்கள். இந்தச் செலவை மிச்சம் பிடிக்காதீர்கள். அலைன்மென்ட் கோணலாக இருந்தால் புது டயரின் ஒரு ஓரத்தைச் சில மாதத்திலேயே தின்றுவிடும்.

அப்போது இன்னொரு வாடிக்கையாளர், "இதே ரிம்முக்கு 185/70 போட்டுக்கங்க, அகலமா கம்பீரமா இருக்கும்" என்று யோசனை சொன்னார். என் டயர் 165/80 ஆர் 14, அதாவது அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம்மின் விட்டம் 14 அங்குலம். அவர் சொன்ன அளவில் மொத்த உயரம் ஐந்து மில்லிமீட்டர்தான் குறையும், அதனால் பலர் போடுகிறார்கள். ஆனால் இரண்டு மட்டும் வாங்கும்போது அந்தப் பேச்சுக்கே இடமில்லை. முன்னால் ஒரு அகலம், பின்னால் ஒரு அகலம் என்று கலந்தால் மழையில் எந்தப் பக்கம் முதலில் விடும் என்று ஊகிக்க முடியாது. அளவு மட்டுமல்ல, அதன் பின்னால் வரும் 85டி என்பதையும் பார்த்து வாங்கினேன். 85 என்றால் ஒரு டயர் 515 கிலோ தாங்கும், டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை. கம்பெனி சொன்னதற்குக் கீழே போகக் கூடாது.

மூன்றாவது முடிவு போன அக்டோபரில், 2025இல். வால்பாறை ஊருக்குள்ளேயே ஒரு குழியில் இறங்கி ஏறியபோது கூர்மையான கல் முன் இடது டயரின் சைடுவாலைக் கிழித்துவிட்டது. பட்டன் பகுதியில் ஆணி ஏறினால் ட்யூப்லெஸ் டயருக்குப் பங்சர் போட்டு ஓட்டலாம். சைடுவால் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி விரிகிற இடம். அங்கே கிழிந்தாலோ புடைத்தாலோ அந்த டயர் முடிந்தது, யார் ஒட்டித் தருகிறேன் என்றாலும் கேட்கக் கூடாது.

ஸ்டெப்னியை மாட்டினேன். மாட்டும்போதுதான் நெஞ்சில் சுருக்கென்றது. ஒரு நாளும் ஓடாத, பட்டன் முழுதாக இருந்த அந்த ஸ்டெப்னியும் வண்டியோடு வந்தது, 2016. ஒன்பது வருஷம் டிக்கிக்கு அடியில் கிடந்திருக்கிறது. எட்டு மில்லிமீட்டர் ஆழம் இருந்தும் கல்போல இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை 40 வளைவையும் இரண்டாவது கியரிலேயே இறங்கினேன், பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டுக்கொண்டே.

அப்போது நிலவரம்: முன் வலது 4.2, இடது போய்விட்டது. பின்னால் இரண்டும் 7.2. வீட்டில் அவர், "ஒண்ணுதானே கிழிஞ்சது, ஒண்ணு வாங்கினா போதாதா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒரே அச்சில் ஒரு பக்கம் 8, மறுபக்கம் 4 இருந்தால் இரண்டு டயரின் சுற்றளவும் வேறாகிவிடும். நேர்ச்சாலையில்கூட டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற வழிசெய்யும் பல்சக்கர அமைப்பு) ஓயாமல் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஈரத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பிடிக்காது. மீதமுள்ளவை எல்லாம் புதிதாக, ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்குள் இருந்தால் ஒன்று மட்டும் வாங்கலாம். நான்கு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் முடியாது.

கடைக்கார அண்ணன் ஐந்து டயரையும் தரையில் வரிசையாகக் கிடத்திச் சாக்பீஸால் வருஷத்தை எழுதினார். அதைப் பார்த்ததும் எனக்கே விடை தெரிந்துவிட்டது. புதிதாக இரண்டு, பின்னால். பின்னாலிருந்த 2024 டயர்கள் முன்னால். மிஞ்சிய 4.2 மில்லிமீட்டர் டயர், மூன்று வருஷம் பழையது, ஸ்டெப்னியாக டிக்கிக்குள். 2016 ஸ்டெப்னி வெளியே. ஒன்று வாங்கலாமா என்று போன இடத்தில் இரண்டு வாங்கினோம். ஆனால் ஐந்து சக்கரமும் சரியாகிவிட்டன. செப்டம்பர் 22 முதல் கார் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருந்ததால் பில்லும் கொஞ்சம் இறங்கியிருந்தது. புதியவற்றின் சைடுவாலில் நான்கு இலக்கத்தைப் பார்த்த பிறகுதான் மாட்டச் சொன்னேன். கடையில் தூங்கிய டயரும் வயசானதுதான்.

டயர்களை முறைமாற்றி மாட்டுவதைப் பற்றியும் அன்று பேசினோம். முதலிலிருந்தே ஒவ்வொரு எட்டாயிரம் கிலோமீட்டருக்கும் முன்னதைப் பின்னால் நேராகவும், பின்னதை முன்னால் குறுக்காகவும் மாற்றிக்கொண்டே வந்திருந்தால் நான்கும் ஒரே சீராகத் தேய்ந்திருக்கும், எதை எங்கே போடுவது என்ற கேள்வியே வந்திருக்காது, நான்கையும் ஒரே நாளில் வாங்கியிருக்கலாம். (சைடுவாலில் சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர்களைக் குறுக்காக மாற்றக் கூடாது.) ஆனால் வித்தியாசம் பெரிதாகிவிட்ட பிறகு முறைமாற்றினால் தேய்ந்த டயர் பின்னால் போய்விடும். 2022இலும் 2024இலும் எனக்கு அந்த வழி அடைபட்டிருந்தது. இப்போது முன்னால் 7.2, பின்னால் 8. ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசமில்லை. எனவே இனிமேல் முறைமாற்றலாம் என்று முடிவு செய்திருக்கிறேன்.

டேஷ்போர்டுக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் நான்கு சக்கரமும் ஸ்டெப்னியும், எதிரே வருஷம், உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று அளவு. ஞாயிறு காலையில் வண்டி சூடாகும் முன் கதவுத்தூணில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் காற்று பார்க்கிறேன், பின் டயரில் தொடங்கி. அன்று என்னோடு வந்த ஆசிரியை இப்போதும் வெள்ளிக்கிழமைகளில் என்னோடுதான் இறங்குகிறார். நோட்டில் அடுத்த அளவுக்குக் குறித்திருக்கும் நாள் ஜூன் முதல் ஞாயிறு, மழை தொடங்குவதற்கு முன்.